சோமர் பார்க்காத கார்

கோப்பாய்க்குப் போய் சோமசேகரம் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிறேக் சோமர் வீடு என்று கேட்க வேண்டும். கேட்டவரை முதலில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு, "ஏன், கார் வச்சிருக்கிறீரோ?" என்று விசாரிப்பார்கள். இல்லை என்றால் உடனே வழி சொல்லிவிடுவார்கள். ஓம் என்றால் ஒரு பெருமூச்சு விட்டு, பாவம் என்று முகத்தைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

அவர் அரசாங்கத்து மோட்டார் பரிசோதகர். வாடகைக்கு ஓடுகிற கார், லொறி, வான் எதுவென்றாலும் வருடத்துக்கு ஒருக்கால் பட்டணத்து வேப்பமரத்தடி வெளியில் அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். அவர் பழைய சாக்கு ஒன்றை நிலத்தில் போட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, தட்டி, உலுக்கி, பிறகு ஏறி இருந்து பிறேக்கை மிதித்துப் பார்ப்பார். ஓடலாம் என்று அவர் சொன்னால்தான் அது ஓடலாம். ஓடாது என்றால் அதை வைத்துக் கோழி அடைக்கலாம்.

கொழும்பில் கராஜ் வேலை பழகி, சோதனை பாஸ் பண்ணி, ஐம்பத்தாறில் இந்த உத்தியோகத்தோடு அவர் ஊருக்கு வந்தார். யாழ்தேவி றெயில் ஓடத் தொடங்கிய வருடம் அது. புதுக் கோச்சியில் புது உத்தியோகத்தோடு வந்து இறங்கிய மனிசனைப் பெண் வீட்டார் விடுவார்களா? வரிசையாக வந்தார்கள். ஆனால் வந்த சம்பந்தம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு லொறி நின்றது. ஒரு இடத்தில் பெண்ணின் சித்தப்பனுக்கு லொறி. இன்னொரு இடத்தில் தகப்பனுக்கே இரண்டு வான். சாதகத்துக்கு முன்னால் வண்டி இலக்கத்தைக் கொண்டுவந்து தருகிறார்களே என்று சோமசேகரம் எல்லாவற்றையும் தட்டிக் கழித்தார். தட்டிக் கழித்துக் கழித்து நாற்பதைத் தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு தட்டுவதற்கு ஒன்றும் வரவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு தங்கச்சி, சிவக்கொழுந்து. தகப்பனும் தாயும் அடுத்தடுத்துப் போய்விட, கொழும்பில் வேலை பழகுகிற காலத்திலேயே அவளைப் புத்தூரில் ஆழ்வாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தது இவர்தான். ஆழ்வாப்பிள்ளை புத்தூர்ச் சந்தியில் ஒரு ஒஸ்ரின் கார் வைத்து வாடகைக்கு ஓடினார். பரிசோதகரின் தங்கச்சி புருசனே கார்க்காரன் என்பதை வைத்து ஊரில் கொஞ்ச நாள் பகிடி நடந்தது. ஆனால் மச்சானும் மச்சானும் நல்ல ஒற்றுமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சோமசேகரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போய்விடுவார். தங்கச்சி வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. தங்கச்சியின் ஒரே மகள் ஞானாம்பிகை, மாமா மாமா என்று காலைச் சுற்றிக்கொண்டு நிற்பாள். தனக்கென்று ஒரு வீடு இல்லை என்ற குறை அவருக்கு அந்த ஒரு நாளில் தீர்ந்துவிடும். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டு கடைப் பாண் தின்பார்.

இனி ரயர்க் கதைக்கு வருவோம்.

அறுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்துபோன பிறகு, ரயர் என்பது கிடைத்தற்கரிய பொருளாகிவிட்டது. மொட்டை ரயரோடு சோதனைக்குப் போனால் சோமர் விடமாட்டார். என்ன செய்வது? குருநகர்ப் பக்கத்தில் செபநாயகம் என்று ஒருவர் கராஜ் வைத்திருந்தார். அவரிடம் எப்படியோ நாலு நல்ல ரயர் இருந்தது. சோதனைக்கு முதல்நாள் பின்னேரம் அந்த நாலையும் காரில் பூட்டிக் கொடுப்பார். சோதனை முடிந்து கார் திரும்பி வந்ததும் கழற்றிப் பழைய மொட்டைகளைப் போட்டு அனுப்புவார். அடுத்த கிழமை அதே நாலு ரயர் வேறொரு காரில் சோதனைக்குப் போகும். குடாநாட்டில் சோதனைக்குப் போகாத கார் இருந்தது, அந்த ரயர் போகாத சோதனை இருக்கவில்லை.

சோமசேகரத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு ரயரின் ஓரத்தில் சங்கு மாதிரி ஒரு வெட்டுக்காயம். காரோட்டி முகம் புதிதாக இருந்தாலும் அந்தச் சங்கு பழைய சிநேகிதன் மாதிரி அவரைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் தன் முன்னால் நிற்கிற காரைத்தான் அவர் சோதிக்கலாம். அது நாளைக்கு எந்தக் காலோடு நடக்கும் என்பது அவருடைய வேலைக்குள் வராது. அந்த நேரத்தில் அந்தக் காரில் நல்ல ரயர்தான் இருந்தது. அவர் ஓடலாம் என்று சொன்னார். எல்லாரும் சந்தோசமாக இருந்தார்கள்.

அறுபத்தாறாம் வருடத்துக் கார்த்திகை மழையில், தென்மராட்சிப் பக்கத்தில் ஒரு றெயில் கடவை. கோச்சி வருகிறதைக் காரோட்டி கண்டுவிட்டான். பிறேக்கை மிதிக்கவும் மிதித்தான். பிறேக்கும் பிடித்தது. ஆனால் தேய்ந்துபோன மொட்டை ரயரில் பூவே இல்லை. ஈரத் தார் ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டுபோய்த் தண்டவாளத்தில் நின்றது. கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம். தாயும், மகளும், மகளின் கைக்குழந்தையும் போய்விட்டார்கள்.

விசாரணை நடந்தது. றெயில் பகுதியிலிருந்து வந்தவர், கடவையில் எச்சரிக்கைப் பலகை நின்றது, கோச்சி ஊதிக்கொண்டுதான் வந்தது என்றார். பொலிசார், காரோட்டி குடிக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை என்றார்கள். சோமசேகரத்தைக் கேட்டார்கள். "நான் சோதிச்ச அண்டைக்கு நாலு ரயரும் நல்ல நிலையிலை இருந்தது" என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. எல்லாரும் சொன்னது உண்மை. ஒருவரிலும் பிழையில்லை என்று விசாரணை முடிந்தது. செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்பதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. கிணற்றடியில் போய் இருந்துகொண்டு, சங்கு வெட்டு, சங்கு வெட்டு என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வளவுக்காரர் மனிசனுக்கு ஏதோ மந்திரம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். சோதனை முடிந்து போன காரை அடுத்த கிழமை ரோட்டில் நின்று மறிப்பார். சைக்கிளை மதகில் சாத்திவிட்டு, ஒரு கையை உயர்த்திக்கொண்டு நடு ரோட்டில் நிற்பார். ரயர் மாறியிருந்தால் அந்த இடத்திலேயே சனத்தை இறக்கிவிட்டு, காரை ஓட விடமாட்டார். எதிரே வருகிற காரோட்டிகள் ஒருவருக்கொருவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். முன்னால் சோமர் நிற்கிறார் என்று அதற்கு அர்த்தம். குடாநாட்டுக் காரோட்டிகள் விடிந்ததும் விசாரிக்கிற முதல் சுகம் அவருடையதுதான். "சோமர் இண்டைக்கு எந்தப் பக்கம்?" என்பார்கள். அவர் தேத்தண்ணிக் கடைக்குள் போனால் கதை நின்றுவிடும். கலியாண வீட்டுக்குப் போனால் மரியாதையாகக் கதிரை போடுவார்கள். பக்கத்துக் கதிரை காலியாகவே இருக்கும்.

அதை அவர் பொருட்படுத்தவில்லை என்று சொன்னால் அது பொய். பொருட்படுத்தினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருந்ததே, அதனால் தாங்கிக்கொண்டார்.

ஆழ்வாப்பிள்ளையின் ஒஸ்ரினும் செபநாயகத்தின் ரயரில் சோதனைக்கு வருகிற கார்தான். அதை மட்டும் சோமசேகரம் ரோட்டில் மறிக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "மச்சான், ரயரை மாத்தும்" என்பார். "எங்கை காணும் கிடக்குது? கிடைச்சால் மாத்தமாட்டனே?" என்பார் ஆழ்வாப்பிள்ளை. சிவக்கொழுந்து துவாயை நீட்டுவாள். ஊருக்கெல்லாம் நடு ரோட்டில் நின்ற மனிசன் தங்கச்சி வீட்டுச் சோற்றுக்கு முன்னால் கொஞ்சம் வளைந்துதான் போனார். ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று.

அறுபத்தெட்டு ஆனியில் ஞானாம்பிகைக்குக் கலியாணம். மாப்பிள்ளை கரவெட்டிப் பக்கம், ஆசிரியர். பெண் வீட்டில், புத்தூரில்தான் தாலிகட்டு. தாய்மாமனான சோமசேகரம் பட்டு வேட்டி சால்வையோடு காலையிலிருந்து ஓடித் திரிந்தார். பந்தி விசாரித்தார், ஐயருக்குத் தட்சணை எடுத்துக் கொடுத்தார், அழுத பிள்ளைகளைத் தூக்கினார். அவரை அப்படிச் சிரித்த முகத்தோடு பலரும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

சாப்பாடு முடிந்தது. பொம்பிளையும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட வேண்டும். ராகுகாலம் தொடங்க முன்னம் வாசற் படலை தாண்ட வேண்டும் என்று ஐயர் அவசரப்படுத்தினார். ஒஸ்ரின் வாசலில் நின்றது. முன்னுக்குப் பூமாலை, கதவில் றிபன், கழுவித் துடைத்து அந்தக் கார் அப்படி மினுங்கி முன்னம் ஒருவரும் பார்த்ததில்லை. தாய்மாமன் முன் ஆசனத்தில் ஏறி, கூடப் போய், பொம்பிளையை ஒப்படைத்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

சோமசேகரம் ஏறுவதற்குக் கதவைத் திறந்தார். பழக்கதோசம், கீழே பார்த்தார். முன் ரயரில் நூல் தெரிந்தது. ஒரு கை அகலத்துக்கு றப்பரே இல்லை. குனிந்து பின்னாலும் பார்த்தார். அதுவும் அப்படித்தான். இந்த ரயரோடு அச்சுவேலி தாண்டி, வல்லை வெளிக் காற்றுக்குள்ளால், பாலத்துக்கு மேலால் போக வேண்டும். உள்ளே அவர் தூக்கி வளர்த்த பிள்ளை கூறைச் சேலையோடு இருக்கிறாள்.

அவர் கதவைச் சாத்தினார்.

"மச்சான், இந்தக் கார் போகாது."

ஆழ்வாப்பிள்ளை முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"என்ன கதை கதைக்கிறீர்? சனம் பாக்குது. ஏறும்."

"ரயர் நூலாய்க் கிடக்குது. வெடிச்சால் வல்லையிலை தண்ணிக்குள்ளைதான்."

"இண்டைக்கு நீர் இன்ஸ்பெக்டர் இல்லைக் காணும். நீர் மாமன்."

"மாமன் எண்டபடியால்தான் சொல்லுறன்."

"அப்ப இவ்வளவு நாளும் கண் தெரியேல்லையோ உமக்கு? இந்த ரயரிலைதானே ஊர்ச்சனம் முழுக்க ஏத்தினனான். அண்டைக்கெல்லாம் சோறு திண்டிட்டுப் பேசாமல்தானே போனனீர்?"

அந்தக் கேள்வி சுட்ட கோபத்தில் மனிசன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். காருக்கு முன்னால் போய், ரோட்டில் நிற்பதைப் போல, பட்டுச் சால்வையோடு ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றார்.

பந்தலுக்குள் இருந்த சனம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. முதல் அடி எடுத்து வைக்கிற பொம்பிளைக்குத் தடை. அதுவும் தாய்மாமன் கையால் தடை. மாப்பிள்ளையின் தாய் வாயில் சேலைத் தலைப்பை வைத்தாள். வேறு கார் பிடிக்க ஆள் ஓடியது. முகூர்த்த நாளில் எந்தக் கார் சும்மா நிற்கும்? ராகுகாலம் தொடங்கியது. தொடங்கி முடிந்தது. கடைசியில் மாப்பிள்ளைதான், நல்ல பிள்ளை, "பஸ் வருது மாமா, அதிலை போவம்" என்றார். பூமாலையும் கூறையுமாகப் பொம்பிளையும் மாப்பிள்ளையும் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினார்கள். கொண்டக்டர் இரண்டு பேரை எழுப்பி இடம் கொடுத்தான். மாப்பிள்ளையின் தாய் ஏறும்போது எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "எங்கடை வீட்டுக்கு பஸ்ஸிலை வாற முதல் மருமகள்."

அந்த ஒரு வார்த்தையோடு ஆழ்வாப்பிள்ளைக்கு எல்லாம் முடிந்தது.

சிவக்கொழுந்து ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பஸ் போன பிறகு தமையனை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பார்வையைத்தான் சோமசேகரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் பிள்ளையின் நாளை உன் திமிரால் கெடுத்துவிட்டாயே என்று பார்த்தாளா? இல்லை, என் பிள்ளைக்காகத்தான் நின்றாய் என்று பார்த்தாளா? ஊர் என்ன நினைத்தாலும் அவருக்குக் கவலையில்லை. மச்சான் என்ன நினைத்தார் என்பது தெரிந்த விசயம். தங்கச்சி என்ன நினைத்தாள்? அது ஒன்று தெரிந்தால் போதும் அவருக்கு. அதைக் கேட்பதற்கு வழியில்லாமல் போயிற்று.

யாழ்ப்பாணத்துக் கோபம் சண்டை போடாது. கத்தாது. உறவு கொண்டாடுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். நல்ல காரியத்துக்குச் சொல்ல வரமாட்டார்கள். கண்டால் தலையைத் திருப்புவார்கள். சொல்லாமல் இவர் போகவும் முடியாது. ஞானாம்பிகைக்குப் பிள்ளை பிறந்ததை அவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது யாரோ சொல்லக் கேட்டார். மருமகன் பிறகு மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போனதும் அப்படியே காற்றில் வந்த செய்திதான். ஆழ்வாப்பிள்ளை தன் காரைச் சோதனைக்கு வவுனியாவுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். மச்சானின் முகத்தில் முழிக்காமல் இருப்பதற்காக நூறு மைல்கட்டை தூரம் பெற்றோல் எரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் போகாமல் நின்றன. காலையில் சைக்கிளைத் துடைப்பார். துடைத்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் திரும்பச் சாத்துவார். சில ஞாயிறு பட்டணத்து ஸ்ரேசனுக்குப் போய், யாழ்தேவி வெளிக்கிடும்வரை ஒரு மர வாங்கில் இருப்பார். ஆரை ஏற்ற வந்தீர்கள் என்று யாரும் கேட்டால், ஒருவரையும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். "தெரிஞ்ச ஒராள்" என்பார். கோச்சி வெளிக்கிடும்போது எல்லாரும் கை காட்டுவார்கள். அவரும் கொஞ்சமாகக் கையை உயர்த்துவார். அந்தக் கை காரை மறிக்கிற கை. வழியனுப்ப அதற்குப் பழக்கமில்லை.

ஒரு தைப்பொங்கலுக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு புத்தூருக்குப் போனார். படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கினார். ஆழ்வாப்பிள்ளை முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டு நின்றார். இவரைக் கண்டார். கண்டுவிட்டுத் தொடர்ந்து கழுவினார். வாருங்கோ என்ற அந்த ஒரு சொல் வராமல் படலைக்குள் கால் வைக்க முடியாது. உள்ளே சிவக்கொழுந்து யாரோடோ கதைக்கிற சத்தம் கேட்டது. பத்து அடி தூரத்தில் தங்கச்சியின் குரல். அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளில் ஏறினார். நீர்வேலி வரும்வரை கண்ணில் தூசி விழுந்த மாதிரி ரோட்டுத் தெரியவில்லை.

எழுபத்தெட்டில் பென்சன் எடுத்தார். காரோட்டிகள் உள்ளங்கையைக் கவிழ்ப்பதை நிறுத்தினார்கள். அவர் மதகில் இருந்தாலும் கார்கள் ஒரு கவலையும் இல்லாமல் போயின. இவ்வளவு காலமும் பயந்தாவது தன்னை நினைத்தார்கள், இப்போது அதுவும் இல்லையே என்று அவருக்கு இருந்தது. கோப்பாயில் அந்த வீட்டில் ஒரு மனிசன் இருக்கிறான் என்பது பால்காரிக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லலாம்.

அடுத்த வருடம் ஆவணியில் ஒரு காலை, புத்தூரிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்து படலையில் நின்றார். உள்ளே வரவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கவும் இல்லை. இழவு சொல்ல வருகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். சோமசேகரம் அதைக் கண்ட உடனேயே விளங்கிக்கொண்டார். ஆர் என்றுதான் விளங்கவில்லை. ஆழ்வாப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்று அவர் மனம் ஓடியது. அப்படி ஓடியதற்காகப் பிறகு பலநாள் வெட்கப்பட்டார்.

"உங்கடை தங்கச்சி செத்துப்போனா. பின்னேரம் எடுக்கினம்" என்றார் வந்தவர்.

செத்த வீட்டுக்கு ஒருவரும் வாருங்கோ என்று சொல்லத் தேவையில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் அந்தப் படலைக்குள் போனார். ஞானாம்பிகை மட்டக்களப்பிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. சிவக்கொழுந்தை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தலை நன்றாக நரைத்துவிட்டது. வழியில் கண்டிருந்தால் அடையாளம் தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்தார். பெண்கள் அழுதார்கள். அவர் தலைமாட்டில் நின்றார். கேட்க வேண்டிய கேள்வி இன்னும் அவர் வாயில் இருந்தது, பதில் சொல்ல வேண்டியவள் போய்விட்டாள்.

மகள் வந்து முகம் பார்த்த பிறகு எடுத்தார்கள். சுடலையால் வந்து, கிணற்றடியில் தோய்ந்துவிட்டு ஆண்கள் முற்றத்தில் இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சனம் கலைந்தது. சோமசேகரம் ஈர வேட்டியோடு சைக்கிளை எடுக்கப் போனார். மாமரத்துக்குக் கீழே ஒஸ்ரின் நின்றது. அதில் சாய்ந்துகொண்டு ஆழ்வாப்பிள்ளை நின்றார்.

"மச்சான்" என்றார்.

சோமசேகரம் நின்றார்.

"எப்பிடிச் செத்தவள் எண்டு கேக்கேல்லை நீர்."

"நெஞ்சு நோ எண்டு சொல்லிச்சினம்."

"ஓம். மூண்டு நாளைக்கு முதல் விடியக் காத்தாலை நோகுது எண்டாள். நான் காரைத் திருப்பிப் படியோடை கொண்டுவந்து விட்டன். ஏறமாட்டன் எண்டிட்டாள்." அவர் கையால் முகத்தைத் துடைத்தார். "சாகப் போற நேரத்திலையும் ஏறேல்லைக் காணும். அந்த நோவோடை சந்திக்கு நடந்து, பஸ்ஸிலைதான் ஆஸ்பத்திரிக்குப் போனவள். ரண்டு நாள் வச்சுப் பாத்தாங்கள். முந்தியே பழுதான நெஞ்சாம், எதிலை கொண்டு வந்திருந்தாலும் தப்பாளாம்."

"ஏன் ஏறேல்லை?"

ஆழ்வாப்பிள்ளை அவரை உற்றுப் பார்த்தார்.

"உமக்குத் தெரியாதோ? பிள்ளையின்ரை கலியாணத்தண்டைக்குப் பிறகு அவள் இந்தக் காரிலை ஏறேல்லை. ஒரு நாள், ஒரு பொழுது ஏறேல்லை. கோயிலுக்கும் பஸ், சந்தைக்கும் பஸ். பெற்றோல் மணம் வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதெண்டு சனத்துக்குச் சொல்லுவாள். எனக்குச் சொன்னது வேறை. அண்ணை ஏறாத காரிலை நான் ஏறன் எண்டாள்."

சோமசேகரம் மாமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"போன வருசம் சாமான் வரத் தொடங்கின உடனை நாலு ரயரும் புதுசாய் வாங்கிப் பூட்டினனான். செபநாயகத்தின்ரையில்லை, என்ரை சொந்த ரயர். வந்து பாரடியப்பா எண்டு கூப்பிட்டுக் காட்டினன். அவள் என்ன கேட்டவள் தெரியுமோ? அண்ணை பாத்தவரோ எண்டாள். இல்லையெண்டன். அப்ப அண்ணை பாத்துச் சொல்லட்டும், ஏறுறன் எண்டாள். அதுதான் அவள் கேட்டது. வேறை ஒண்டும் கேக்கேல்லை." அவர் உள்ளங்கையால் காரின் கதவைத் தட்டினார். "கோப்பாய் என்ன தூரமே? நாலைஞ்சு கட்டை. கொண்டுவந்து உம்மடை படலையிலை நிப்பாட்டி, இதைப் பாரும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சுது. நான் சொல்லேல்லை. அந்தக் காரை வவுனியாவுக்குக் கொண்டு போனன் காணும், கோப்பாய்க்குக் கொண்டு வரேல்லை."

சோமசேகரத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதினொரு வருடமாக அந்தப் பதில் புத்தூர்ச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர்தான் ஒருநாளும் விசாரிக்கவில்லை. தங்கச்சி தன் பக்கம்தான் நின்றாள் என்ற சந்தோசமும், அது தெரியாமலே கிழவனாகிவிட்டேனே என்ற துக்கமும் அவருக்கு ஒன்றாக வந்தன.

"நானும் வந்திருக்கலாம் மச்சான்" என்றார். "அந்தப் பொங்கலுக்கு நீர் கூப்பிடாட்டிலும் நான் உள்ளை வந்திருக்கலாம்."

"ஓம். வந்திருக்கலாம்."

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. உள்ளே, அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. ஞானாம்பிகை அதற்குப் பக்கத்தில் இருந்தாள்.

"இப்ப பாரும்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

சோமசேகரம் மறுக்கவில்லை. ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். முன் ரயர் இரண்டையும் தடவிப் பார்த்தார். பின்னுக்குப் போனார். முற்றத்து மண்ணில் படுத்து, காருக்கு அடியில் தலையை விட்டு, பிறேக் குழாயை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். சக்கரத்தை உலுக்கினார். பிறகு ஏறி இருந்து பிறேக்கை மிதித்தார், விட்டார், மிதித்தார். அவசரப்படவில்லை. ஒன்றையும் விடவில்லை. முற்றத்தில் மிச்சமிருந்த நாலைந்து பேர் இதென்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்து கையைத் தட்டினார்.

"நல்லாயிருக்கு. ஏறலாம்."

ஆழ்வாப்பிள்ளை தலையை ஆட்டினார். பிறகு மெல்ல நடந்து வீட்டு வாசற்படியில் போய் நின்றுகொண்டு, உள்ளே விளக்கைப் பார்த்துச் சொன்னார்:

"கொழுந்து, அண்ணை பாத்திட்டார். நல்லாயிருக்காம்."

மாமரத்தடியில் சோமசேகரம் வாய்விட்டு அழுதார்.